கடிக்காதவருக்கும் மருந்து

“மிஸ், போன கிழமை தந்த மருந்தைப் பூசினனான். பிள்ளைக்கு இன்னும் கடி நிக்கேல்லை.”

“ஆர் ஆருக்குப் பூசினனீங்கள்?”

“சின்னவனுக்கும் தங்கச்சிக்கும்தான். கையில, விரலுக்க, போட்டிருக்கிற இடமெல்லாம் பூசினனான். இவருக்கும் மாமிக்கும் ஒண்டுமில்லைத்தானே, அதால அவைக்குப் பூசேல்லை.”

ஊர்காவற்றுறையிலோ புங்குடுதீவிலோ நெடுந்தீவிலோ, வீடு பார்க்க வரும் குடும்பநல உத்தியோகத்தருக்கு இந்தப் பேச்சு புதிதாக இருக்காது. கடி என்று யாழ்ப்பாணத்தார் சொல்வது அரிப்பை. இரவு பாயில் படுத்ததும் தொடங்கும். பிள்ளை நித்திரையிலேயே விரலிடுக்கைச் சொறிந்துகொண்டிருக்கும். விடியும்போது மணிக்கட்டில் நகக்கீறலும் இரத்தப் பொருக்கும் கிடக்கும். சொறி, சிரங்கு என்று நாம் சொல்லும் இந்த வருத்தம் குழந்தைகளின் தோல் நோய்களில் மிகப் பழையது, மிகச் சாதாரணமானது. மருந்தும் இருக்கிறது. பூசியும் ஏன் நிற்கவில்லை? அந்தத் தாயின் பதிலுக்குள்ளேயே காரணம் முழுவதும் இருக்கிறது. அவர் கவனமில்லாதவர் என்று யாரும் எண்ணவேண்டாம். கண்ணுக்குத் தெரிவதை நம்பி எந்தத் தாயும் செய்வதைத்தான் அவரும் செய்திருக்கிறார். இந்த நோயில் கண்ணுக்குத் தெரிவதுதான் நம்மை ஏமாற்றுகிறது.

யாழ்ப்பாணத்தின் தீவுப்பகுதியில், சொறி ஏன் வருகிறது என்ற கேள்விக்கு ஆயத்தமாக ஒரு விடை உண்டு: தண்ணீர். இவை சுண்ணாம்புக்கல் தீவுகள். மழைநீர் கல்லிடுக்குகள் வழியே இறங்கி, பாரம் கூடிய கடல்நீரின்மேல் ஒரு மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலிருக்கும் உவர் மேலேறிவிடும். நெடுந்தீவில் சாராப்பிட்டிக் கிணறுகளைப் போல நல்ல தண்ணீர் ஊறும் இடங்கள் சிலவே. உவர்நீரில் குளித்தால் சவர்க்காரம் நுரைக்காது, தோல் வறளும், வறண்ட தோல் கடிக்கும். ஆகவே “உப்புத் தண்ணியாலதான் சொறி” என்பது வாய்க்கு வந்த பேச்சில்லை. அனுபவத்திலிருந்து எடுத்த ஊகம்தான். ஊகமென்றால் சோதித்துப் பார்க்கலாம். ஒரே கிணற்றில் அள்ளும் இரண்டு வீடுகளில், ஒரு வீட்டில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொறி வந்திருக்க, மற்ற வீட்டில் ஒருவருக்கும் இல்லாமல் இருப்பது எப்படி? குழாய்த் தண்ணீர் வரும் கொழும்பிலும், ஐரோப்பாவின் முதியோர் இல்லங்களிலும் இதே நோய் ஏன் வருகிறது? நாள் முழுதும் உப்பில் நனையும் கடற்றொழிலாளியை விட்டுவிட்டு, கடலையே காணாத கைக்குழந்தையை அது ஏன் பிடிக்கிறது? தண்ணீர் ஊருக்குப் பொது. சொறியோ வீடு பார்த்து வருகிறது. ஒரு வீட்டுக்குள்ளே ஒருவரிலிருந்து ஒருவருக்குப் போகும் ஏதோ ஒன்றைத்தான் தேடவேண்டும்.

அது ஓர் உயிர். பெண்ணின் நீளம் ஒரு மில்லிமீற்றரில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூட. கூரிய கண்ணுக்கு, நல்ல வெளிச்சத்தில், ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். எட்டுக் கால்கள் உள்ளதால் இது பேன், நுளம்பு இனத்தைச் சேர்ந்ததில்லை. சிலந்திக்கும் மாட்டுண்ணிக்கும் உறவு. சொறியுண்ணி என்று வைத்துக்கொள்வோம். இது இரத்தம் குடிப்பதில்லை. நமது தோலின் ஆக மேற்படை, இறந்த கலங்கள் அடுக்கடுக்காக ஒட்டிய ஒரு காய்ந்த படை. பெண் உண்ணி அந்தப் படைக்குள்ளே படுக்கைவாட்டில் வளை தோண்டிக்கொண்டு போகிறது. போகும் வழியில் நாளுக்கு இரண்டு மூன்று முட்டை இடுகிறது. முட்டை மூன்று நான்கு நாளில் பொரிக்கிறது. குஞ்சு முதிர்ந்த உண்ணியாகப் பத்துப் பதினான்கு நாள் ஆகும். தாய் உண்ணி ஒன்றிரண்டு மாதம் வாழும். இவ்வளவும் நம் தோலிலேயே நடக்கிறது. வேறு பிராணி தேவையில்லை. தெருநாயின் சொறிக்குக் காரணம் இதே உண்ணியின் வேறொரு வகை. அது மனிதத் தோலில் சில நாள் கடியைக் கொடுக்கும், ஆனால் குடியேறிப் பெருகாது.

பிள்ளையின் கையை வெயில் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தால் அந்த வளையைச் சில வேளை நேரிலேயே காணலாம். விரலிடுக்கில், அல்லது மணிக்கட்டின் உட்பக்கத்தில், நெளிந்த ஒரு சாம்பல் கோடு. நீளம் பெரும்பாலும் ஒரு சென்ரிமீற்றருக்குள். ஒரு முனையில் தோல் இலேசாக உரிந்திருக்கும். அது உண்ணி நுழைந்த வாசல். மறுமுனையில் ஊசி குத்தின அளவு ஒரு புள்ளி. உண்ணி இருப்பது அங்கே. கோடு பிடிபடாவிட்டால் ஊற்றுப்பேனை மையை அந்த இடத்தில் தேய்த்துவிட்டு ஈரத்துணியால் துடைக்கலாம். மேலே இருந்த மை போய்விடும். வளைக்குள் இறங்கிய மை மட்டும் நீல நூலாக நிற்கும். மருத்துவர்கள் அறிந்த பழைய சோதனை இது. கருவி எதுவும் வேண்டாம்.

இந்த உண்ணியைக் கண்டுபிடித்த கதையைச் சற்று நின்று சொல்லவேண்டும். 1687இல் இத்தாலியின் லிவோர்னோத் துறைமுகத்தில் பொனோமோ என்ற மருத்துவரும் செஸ்தோனி என்ற மருந்தாளரும், ஏழைத் தாய்மார் செய்யும் ஒரு வேலையைக் கவனித்தார்கள். சொறி பிடித்த பிள்ளையின் தோலிலிருந்து அவர்கள் ஊசி முனையால் எதையோ கிண்டி எடுத்து நகத்தில் வைத்து நசுக்கினார்கள். இருவரும் அதை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தார்கள். கால்களோடு நடக்கும் ஓர் உயிரைக் கண்டு, படமும் வரைந்து, பிரான்செஸ்கோ ரெடி என்ற புகழ்பெற்ற அறிஞருக்குக் கடிதமாக எழுதினார்கள். ஒரு குறிப்பிட்ட நோய்க்கு ஒரு குறிப்பிட்ட நுண்ணிய உயிர்தான் காரணம் என்று காட்டிய மிக முந்திய சான்றுகளில் இது ஒன்று. விஞ்ஞானி பாஸ்டர் கிருமிகளைப் பற்றிப் பேசுவதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டு முந்தியது. ஆனால் மருத்துவ உலகம் அதை ஏற்கவில்லை. இரத்தம் கெட்டால் சொறி வரும் என்றே தொடர்ந்து சொல்லிவந்தது. நம் ஊரிலும் அந்தப் பேச்சு இன்னும் இருக்கிறது.

ஏற்காததற்கு ஒரு காரணம், தேடியவர்களால் உண்ணியைக் காணமுடியாமற் போனது. பாரிசின் பெரிய மருத்துவமனைகளில் கொப்புளங்களைக் கீறிக் கீறிப் பார்த்தார்கள்; ஒன்றும் இல்லை. 1834இல் பாரிசின் சென் லூயி மருத்துவமனையில், கோர்சிகாத் தீவிலிருந்து வந்த ரெனூச்சி என்ற மாணவர், எல்லாரும் பார்த்திருக்க ஊசியால் உண்ணியை எடுத்துக் காட்டினார். தன் தீவில் ஏழைப் பெண்கள் செய்வதைக் கண்டு பழகிய வித்தை அது. கொப்புளத்தில் கைவைக்காமல், வளையின் அந்த முனைப் புள்ளியில் ஊசியை விட்டார். வாதம் அன்றோடு முடிந்தது. உண்ணி எங்கே இருக்கும் என்று தாய்மாரின் கைக்கு நூற்றைம்பது ஆண்டுகளாகத் தெரிந்திருந்தது. அவர்களிடம் கேட்டிருந்தால் எத்தனை குழந்தைகள் நிம்மதியாக உறங்கியிருக்கும் என்று எண்ணும்போது எனக்கு மனம் வருந்துகிறது.

கொப்புளத்தில் உண்ணி இல்லையென்றால் கொப்புளம் எதனால் வந்தது? உடம்பு முழுதும் ஏன் கடிக்கிறது? இந்தக் கேள்விக்கு விடை ஒரு யுத்த காலத்தில் கிடைத்தது. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியாவில் சொறி பெருகியது. போர்வைகளிலும் உடுப்புகளிலும்தான் தொற்று வருகிறது என்று நம்பி, அவற்றை அவித்துக் கிருமி நீக்குவதில் பெரும் உழைப்பைச் செலவிட்டார்கள். கெனத் மெலன்பி என்ற பூச்சியியலாளர் அதைச் சோதிக்க விரும்பினார். 1941இல் ஷெபீல்ட் நகரில் ஒரு வீட்டை எடுத்து, மனச்சாட்சியின் பேரில் போருக்குப் போக மறுத்த இளைஞர்களைத் தொண்டர்களாகச் சேர்த்தார். ஆயுதம் தூக்க மறுத்தவர்கள் தம் தோலைக் கொடுத்தார்கள். சொறி பிடித்த படைவீரர்கள் படுத்தெழுந்த, துவைக்காத போர்வைகளுக்குள் அவர்கள் ஆடையில்லாமல் இரவிரவாகப் படுத்தார்கள். நோயாளிகளின் உள்ளாடைகளை அணிந்தார்கள். பல நாள் முயன்றும் மிகச் சிலருக்கே தொற்றியது. நோயாளியோடு ஒரே படுக்கையில் தோல் தோலில் பட உறங்கியபோதுதான் எளிதாகத் தொற்றியது.

மெலன்பி இரண்டு விடயங்களை எண்ணியும் குறித்தும் வைத்தார். முதலாவது, சாதாரணமாக ஒரு நோயாளியின் உடம்பு முழுவதிலும் இருக்கும் முதிர்ந்த பெண் உண்ணிகள் பத்துப் பன்னிரண்டுதான்; பலரில் ஐந்துக்கும் குறைவு. ஆயிரக்கணக்கில் ஊர்கின்றன என்று நாம் நினைத்தது பிழை. இரண்டாவது, முதன்முறை தொற்றிய தொண்டர்களுக்கு ஏறத்தாழ ஒரு மாதம்வரை எந்தக் கடியும் இல்லை. உண்ணிகள் வளை தோண்டி முட்டையிட்டுக்கொண்டிருந்தன. ஆள் நன்றாக உறங்கினார். அதன் பிறகே கடி தொடங்கியது. குணமாகி மறுபடி தொற்றியவருக்கோ ஓரிரு நாளிலேயே கடித்தது.

வீட்டுக்குப் புதிதாகக் கொண்டுவந்த நாயை எண்ணிப் பாருங்கள். முதல் மாதம் யார் படலையைத் திறந்தாலும் பேசாமல் படுத்திருக்கும். வீட்டார் யார், பிறத்தியார் யார் என்று அதற்கு இன்னும் பிடிபடவில்லை. பிடிபட்ட பிறகு காலடிச் சத்தத்துக்கே குலைக்கும். வந்தவர் போன பின்னும், அவர் விட்டுப்போன செருப்பு முற்றத்தில் கிடக்கும்வரை அதை முகர்ந்து முகர்ந்து குலைக்கும். நமது உடம்பின் நோயெதிர்ப்பு அமைப்பும் இப்படித்தான் நடந்துகொள்கிறது. உண்ணியின் உமிழ்நீர், எச்சம், முட்டைக்கோது எல்லாம் பிறத்திப் பொருள்கள் என்று அது கற்றுக்கொள்ள நான்கு முதல் ஆறு கிழமை எடுக்கிறது. கற்றுக்கொண்டதும் தோலெங்கும் எதிர்ப்பைக் காட்டுகிறது. அந்த எதிர்ப்புத்தான் கடி. அதுதான் பருக்களும் கொப்புளங்களும். ஆங்கில மருத்துவர்கள் அலேர்ஜி என்பதைத் தமிழில் ஒவ்வாமை என்கிறோம். சொறியின் கடி ஓர் ஒவ்வாமை. உண்ணி இருக்கும் இடம் ஒன்று, கடிக்கும் இடம் இன்னொன்று. இரண்டாம் முறை விரைவாகக் கடிப்பது, அமைப்பு ஏற்கெனவே பாடம் படித்துவிட்டதால். மருந்து பூசி உண்ணிகள் செத்த பின்னும் இரண்டு கிழமை, சிலருக்கு நான்கு கிழமை, கடி நீடிப்பது, செத்த உண்ணியும் எச்சமும் தோல் உரிந்து உதிரும்வரை உள்ளேயே கிடப்பதால்.

இப்போது அந்த வீட்டுக்குத் திரும்புவோம். தகப்பனுக்கும் மாமிக்கும் ஒன்றுமில்லை என்பது தோலின் வெளித்தோற்றம் மட்டும். அவர்கள் அந்தப் பேச்சில்லாத மாதத்துக்குள் இருக்கக்கூடும். சின்னவனை மடியில் வைத்து உணவூட்டுவது மாமி. இரவில் பேரப்பிள்ளைகள் ஒட்டிக்கொண்டு படுப்பதும் அவரோடுதான். பிள்ளைகளின் உண்ணிகள் இன்று செத்தால், அடுத்த கிழமையே மாமியின் கையிலிருந்து புதியவை ஏறிவிடும். ஆகவே மருந்து வீட்டிலுள்ள எல்லாருக்கும், கடிக்காதவருக்கும், ஒரே இரவில். நெருங்கிப் படுத்து விளையாடும் பெரியம்மா வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளவேண்டும்.

முதியவர்களைப் பற்றி இன்னொன்று. நோயெதிர்ப்புத் தளர்ந்தவர்களில் இந்த நோய் வேறு வடிவம் எடுப்பதுண்டு. தோல் தடித்துப் பொருக்குப் படரும். கடி குறைவாக இருக்கும் அல்லது இருக்கவே இருக்காது. ஆனால் அந்தப் பொருக்குக்குள் உண்ணிகள் ஆயிரம் ஆயிரமாக, சில வேளை இலட்சக்கணக்கில் இருக்கும். அவர்களிடமிருந்து மட்டும் துணி, பாய் வழியாகவும் எளிதாகத் தொற்றும். வீட்டில் யாருக்குக் கடி ஆகக் குறைவோ அவரிடமே உண்ணி ஆகக் கூடுதலாக இருக்கலாம் என்பதை நினைவில் வைப்பது நல்லது.

இனிப் பூசும் விதம். இலங்கையில் பெரும்பாலும் தரப்படுவது 5 சதவீத பெர்மெத்ரின் கிறீம், அல்லது பென்சைல் பென்சோயேற் தைலம். பிந்தியது எரிச்சல் கொடுக்கும், குழந்தைகளுக்கு ஐதாக்கியே பூசவேண்டும். இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்கு மருத்துவர் கந்தகக் களிம்பு தருவார். எதுவாயினும் போட்டிருக்கும் இடத்தில் மட்டும் தொட்டுவைப்பதால் பயனில்லை. கழுத்திலிருந்து உள்ளங்கால்வரை, விரலிடுக்கு, அக்குள், தொப்புள், இடுப்பு மடிப்பு, பிறப்புறுப்பு, நகத்தின் அடி என ஒரு விரல்கடை விடாமல் தடவவேண்டும். கைக்குழந்தைகளுக்கு முகமும் தலையும் தப்பாது, ஆகவே கண்ணையும் வாயையும் தவிர்த்து அங்கும் பூசவேண்டும். பெர்மெத்ரின் என்றால் இரவு பூசி எட்டு முதல் பன்னிரண்டு மணித்தியாலம் விட்டுக் காலையில் குளிக்கலாம். நடுவில் கை கழுவினால் கைக்கு மறுபடி பூசவேண்டும். ஒரு கிழமை கழித்து இன்னொரு தரம். அந்த இரண்டாம் தரம் வீட்டுக்கு வீடு தவறிப்போவது. ஆனால் முட்டையில் தப்பிப் பொரித்த குஞ்சுகளைப் பிடிப்பது அதுதான். அவை முதிர்ந்து முட்டையிடுவதற்குள் முடித்துவிடவேண்டும்.

துணிகளைப் பற்றித் தீவில் இருப்பவர்களுக்கு ஓர் ஆறுதல். மெலன்பியின் சோதனை இங்கேதான் உதவுகிறது. மனிதத் தோலை விட்டிறங்கிய உண்ணி இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. வீட்டிலுள்ள பாய், தலையணை, சீலை எல்லாவற்றையும் அவிப்பதற்காக நல்ல தண்ணீரைச் செலவிட வேண்டியதில்லை. கடைசி மூன்று நாளில் உடுத்ததையும் படுத்ததையும் துவைத்து வெயிலில் காயவிட்டால் போதும். துவைக்கமுடியாததை ஒரு பொலித்தீன் பையில் கட்டி ஒரு கிழமை ஒதுக்கி வைத்தால் உள்ளிருப்பது தானாகச் செத்துவிடும். மிச்சப்படும் தண்ணீர் பிள்ளையின் புண்ணைச் சவர்க்காரமிட்டுக் கழுவ உதவும். நயினாதீவுத் திருவிழாக் காலத்தில் குறிகட்டுவான் துறையில் படகுக்கு முண்டியடிக்கும் கூட்டத்திலிருந்து சொறி வந்துவிடுமோ என்ற பயமும் பெரும்பாலும் தேவையற்றது. சில நிமிடமாவது தோலோடு தோல் ஒட்டியிருந்தாலே உண்ணி மாறும். அது நடப்பது பாயில். தாயின், பாட்டியின் அணைப்பில். பள்ளிக்கூட மண்டபங்களிலும் கோயில் மடங்களிலும் பல குடும்பங்கள் ஒட்டிப் படுத்த இடப்பெயர்வுக் காலங்களைக் கண்டவர்களுக்கு, 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு நடந்தவர்களுக்கு, இதை விளக்கவே வேண்டியதில்லை.

வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசலாமா என்று கேட்பார்கள். 1992இல் வெளிவந்த ஓர் இந்திய ஆய்வில் 814 பேருக்கு அதைப் பூசி, நூற்றுக்கு 97 பேர் மூன்று முதல் பதினைந்து நாளில் குணமானதாக எழுதினார்கள். ஆனால் பூசாத ஒரு குழுவை அருகில் வைத்து அவர்கள் ஒப்பிடவில்லை. ஒப்பீடு இல்லாத இடத்தில் எவ்வளவு பெரிய எண்ணும் பாதிச் சான்றுதான். கந்தகம் வேறு. சித்த வைத்தியரும் பழைய உரோமரும் தோலுக்குப் பூசிய அது இன்றும் மருத்துவ நூல்களில் சொறிக்கு மருந்தாக நிற்கிறது.

பிள்ளையின் தோலில் வருவதெல்லாம் சொறியும் இல்லை. சித்திரை வெயிலில் கழுத்திலும் முதுகிலும் பொரிவது வேர்க்குரு. வியர்வைக் குழாய் அடைபட்டது, காற்றோட்டமும் பருத்தி உடுப்பும் போதும். வட்டமாக ஓரம் தடித்து நடுவில் தெளிவது படர்தாமரை, அது பூஞ்சை. கன்னத்தில் மங்கலாக வெளிறும் தேமலைக் கண்டு பூச்சிமருந்து கொடுப்பார்கள். பூச்சிக்கும் அதற்கும் தொடர்பில்லை, அது வறண்ட தோலில் வந்து தானே மறைவது. வெளிறிய திட்டில் தொட்டால் உணர்ச்சி இல்லையென்றால் மட்டும் தாமதிக்காமல் காட்டவேண்டும். தொழுநோய் இலங்கையில் இன்னும் குழந்தைகளுக்கும் வருகிறது. தொடக்கத்தில் பிடித்தால் முழுதாகக் குணமாகும். நான் உண்மையில் அஞ்சுவது, மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீரொயிட் கலந்த கிறீம்களுக்கு. பூசிய இரண்டாம் நாளே கடி அடங்கும். எதிர்ப்பை அடக்கும் மருந்து கடியை அடக்காமல் என்ன செய்யும்? உண்ணியும் பூஞ்சையும் அந்த அமைதியில் சுகமாகப் பரவும். பிறகு காட்டும்போது மருத்துவராலேயே இன்னதென்று மட்டுக்கட்ட முடியாதபடி தோல் மாறியிருக்கும்.

சொறி உயிரைக் கொல்லாது என்று அலட்சியம் வேண்டாம். சொறிந்த கீறலுக்குள் ஸ்ரெப்டோகொக்கஸ் போன்ற பக்டீரியா நுழைந்தால் சீழ்ப்புண் வரும். தேன் காய்ந்ததுபோல் மஞ்சள் பொருக்கு. அந்தக் கிருமியின் சில இனங்களை உடம்பு எதிர்க்கும்போது சிறுநீரகத்தின் வடிகட்டிகள் வீங்கிவிடுகின்றன. புண் ஆறத் தொடங்கிச் சில கிழமையில் பிள்ளையின் முகம் அதைத்து, சிறுநீர் தேயிலைச் சாயம்போல் போகும். அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடவேண்டிய அறிகுறி அது. நெடுந்தீவில் கடைசிப் படகு போய்விட்டால் மறுநாள்வரை காத்திருப்பதே பயங்கரம்.

இந்தச் சங்கிலியை நம் தீவுகளைப் போன்ற வேறு தீவுகளில் அறுத்துக் காட்டியிருக்கிறார்கள். சொலமன் தீவுகளில் ஒரு கடனீரேரியின் ஐந்து சிறு தீவுகளில் ஏறத்தாழ எல்லாருக்கும் ஐவர்மெக்டின் என்ற மாத்திரை கொடுத்தார்கள். யப்பானிய மண்ணில் கிடைத்த ஒரு பக்டீரியாவிலிருந்து பிறந்த மருந்து அது. கண்டுபிடித்தவர்களுக்கு 2015இல் நோபல் கிடைத்தது. மூன்று ஆண்டில் சொறி நூற்றுக்கு 25 பேரிலிருந்து ஒருவருக்கும் கீழே இறங்கியது. பிள்ளைகளின் சிறுநீரில் இரத்தம் காண்பதும் குறைந்தது. சொறிக்குக் கொடுத்த மருந்து சிறுநீரகத்தைக் காத்தது. பதினைந்து ஆண்டு கழித்துப் போய்ப் பார்த்தபோதும் சொறி அங்கே மிக அரிதாகவே இருந்தது.

ஆனால் அங்கே ஒப்பீட்டுக் குழு இல்லை. அந்தக் குறையை பிஜியில் தீர்த்தார்கள். மூன்று தீவுச் சமூகங்கள், 2051 பேர். ஒன்றில் வழக்கம்போல, சொறி உள்ளவருக்கும் அவர் வீட்டாருக்கும் மட்டும் பெர்மெத்ரின். இரண்டாவதில் ஊர் முழுவதற்கும் பெர்மெத்ரின். மூன்றாவதில் ஊர் முழுவதற்கும் ஐவர்மெக்டின் மாத்திரை. பதினைந்து கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அதற்குப் பதில் கிறீம். ஓராண்டு கழித்து எண்ணினார்கள். முதலாவதில் நூற்றுக்கு 37 பேரிலிருந்து 19க்கு இறங்கியிருந்தது. இரண்டாவதில் 42இலிருந்து 16க்கு. மூன்றாவதில் 32இலிருந்து 2க்கும் கீழே. 2015இல் இது வெளிவந்தது. இரண்டு ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் சொறியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் சொறி உள்ள சமூகங்களில் எல்லாருக்கும் ஒன்றாக மருந்து கொடுப்பதே முறை என்று அதன் வல்லுநர்கள் கருதுகிறார்கள்.

அதற்கு முதலில் எண்ணவேண்டும். எண்ணுவது கடினமில்லை. முழு உடம்பையும் ஆடை களைந்து பார்க்காமல், கைகளையும் பாதங்களையும் முழங்காலுக்குக் கீழேயும் மட்டும் பார்த்தாலே சொறி உள்ளவரில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோரைப் பிடித்துவிடலாம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. பாடசாலை மருத்துவப் பரிசோதனை நாளில், பிள்ளை வெட்கப்படாமல், வாங்கிலில் இருந்தபடியே முடியும் வேலை. யானைக்கால் நோய் இனிப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை இல்லை என்று 2016இல் காட்டிய நாடு இது. ஊரோடு சேர்த்து மருந்து கொடுக்கும் கலை நம் சுகாதாரப் பணியாளர்களுக்குத் தெரியும். ஒரு சில துறைகளாலேயே ஆள் வந்துபோகும் நெடுந்தீவும் நயினாதீவும் அதற்கு ஏற்ற இடங்கள் என்பது என் எண்ணம். எண்ணிப் பார்த்து, பத்துக்குக் கீழே என்று வந்தால் இன்னும் நல்லது. வீடு வீடாகப் பார்த்தே முடித்துவிடலாம்.

அதுவரை வீட்டில் செய்யவேண்டியதைச் செய்வோம். சொறி வந்த பிள்ளையைப் பின்வாங்கிலில் தனியே இருத்துவதும், “ஊத்தை” என்று மற்றப் பிள்ளைகள் சொல்வதை ஆசிரியர் கேட்டும் கேளாமல் விடுவதும்தான் குடும்பங்களை நோயை மறைக்கத் தூண்டுகின்றன. மறைத்தால் ஒரே இரவில் எல்லாரும் பூசுவது நடக்காது. தினம் இரண்டு வேளை குளிக்கும் பிள்ளைக்கும் இது வரும். வளைக்குள் இருக்கும் உண்ணியைத் தண்ணீர் அசைக்காது. முதல் இரவு மருந்து பூசிக் காலையில் குளித்த பிள்ளை, கடி இன்னும் நிற்காவிட்டாலும், அன்றே பாடசாலைக்குப் போகலாம்.